சார்ஜர் இரைச்சலும் சட்டம் தரும் உரிமையும்

சார்ஜில் கிடக்கும் போனில் விரலை வைத்தால் திரை தன்பாட்டுக்குத் தாவுகிறதா? ஓர் எழுத்தைத் தட்டினால் பக்கத்து எழுத்து விழுகிறதா? சார்ஜரைக் கழற்றியதும் சரியாகிவிட்டால், போனைக் குறை சொல்லாதீர்கள். சார்ஜர் மின் இரைச்சலை அனுப்புகிறது. சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீடுகளில் இரவெல்லாம் சார்ஜர்கள் செருகியே கிடக்கின்றன. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை நேர்மின்னோட்டமாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறு மின்மாற்றி வழியே 5 வோல்ட்டாக இறக்குகிறது சார்ஜர். அந்த வெட்டில்தான் இரைச்சல் பிறக்கிறது. நல்ல சர்க்யூட் போர்டில் வெட்டுமின்னோட்டம் ஓடும் தடங்கள் குட்டையாக இருக்கும்; வடிகட்டும் சுருளும் கபாசிட்டர்களும் இருக்கும். உயர்மின் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவே ‘ஒய்’ வகைக் கபாசிட்டர் ஒன்று பாலமாக நிற்கும். பெரும்பாலும் நீல நிறத்தில் பொத்தான் அளவுதான் இருக்கும். இரைச்சலைப் பிறந்த பக்கத்துக்கே திருப்புவது அதன் வேலை. உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும் என்று சோதித்துச் சான்று பெற்ற பாகம் அது.

காசை மிச்சம் பிடிப்பவர்கள் அதை விட்டுவிடுவார்கள், திரை தாவும். அந்த இடத்தில் சாதாரணக் கபாசிட்டரை வைத்துவிடுவது அதைவிட மோசம். அப்போது திரை ஒழுங்காகவே வேலை செய்யும். ஆனால் அந்தக் கபாசிட்டர் ஷார்ட் ஆகிவிட்டால், சுவரின் மின்சாரம் கேபிள் வழியே கைக்கு வரும். ஆகவே திரை தாவினாலே ஆபத்து என்றும் இல்லை, தாவாவிட்டால் பத்திரம் என்றும் இல்லை. வெளியிலிருந்து பார்த்து நாம் கண்டுபிடிக்க முடியாததால்தான் ‘சேஃப்டி மார்க்’ இருக்கிறது.

சதுரத்துக்குள் சரிக்குறி, அருகே பதிவெண். சிங்கப்பூரில் விற்கப்படும் சார்ஜர் அடாப்டருக்கு இது கட்டாயம். பதிவெண்ணைப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். பிராண்டும் மாடலும் பொருந்த வேண்டும். பதியாத பொருளை விற்பவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக் ஸ்ட்ரீட் 21-இல் ஒரு வீட்டில் மின்ஸ்கூட்டர்கள் எரிந்த தீயில் ஓர் உயிர் போனது. அது லித்தியம் பேட்டரிகளின் ஆபத்து. சார்ஜர் இரைச்சலோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். ஆனால் சான்றைப் பார்த்து வாங்கும் பழக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். மின்ஸ்கூட்டருக்கு அந்தச் சான்று ‘யுஎல் 2272’.

வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அது இருந்ததாகவே சட்டம் கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. 2012 செப்டம்பரிலிருந்து இதுவே நடைமுறை. முதலில் பழுதுபார்த்தல் அல்லது மாற்றுப் பொருள், அது நடக்காவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்ப. கடைக்காரர் மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதையும் சார்ஜரின் அடிப்பக்கத்தையும் வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். கடல் கடந்த இணையக் கடையில் வாங்கினால் விற்பவரைப் பிடிப்பதே கடினம்; சார்ஜரை மட்டுமாவது இங்கேயே, முத்திரை பார்த்து வாங்குங்கள்.