நிலப்பரப்பும் கணிப்பொறிப் பத்தியும்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில் பாறசாலை உள்ளது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, அண்டையிலுள்ள விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையின் இருபுறத்தும் மக்கள் நிலத்தைச் சென்டுக் கணக்கிலேயே பேசுவர். அரசுப் பதிவேடுகளிலோ மெட்ரிக் அளவைகள் வழங்குகின்றன. கேரளத்தில் ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என மூன்று கூறுகளாகவும், தமிழ்நாட்டுப் பட்டாவில் ஹெக்டேர், ஏர் என இரு கூறுகளாகவும் பரப்பை எழுதுவர்.

இவ்வேறுபாடு சிறிதன்று. ஒருவரது மனை 4 ஏர் 5 சதுர மீட்டர் எனக் கொள்வோம். ஓர் ஏர் 100 சதுர மீட்டராதலின் அதன் பரப்பு 405 சதுர மீட்டர். ஏறத்தாழப் பத்து சென்டு. இதனைக் கணிப்பொறியில் 4.05 என்று பதியாது 4.5 என்று பதிந்துவிடின் 450 சதுர மீட்டராகும். மிகையான 45 சதுர மீட்டர் ஒரு சென்டினும் பெரிது. அண்டை மனைக்காரருடன் வழக்காட அதுவே போதும்.

பிழையின் வேர் யாது? தரவுத்தளத்தின் பத்திகள் முழு எண், பதின்மம், எழுத்து, தேதி போன்ற பொதுவகைகளையே இயல்பாக அறியும். ‘நிலப்பரப்பு’ என்பதோர் வகையை அவை அறியா. ஆகவே ஜாவா மொழியில் நிரல் எழுதுவோர் அவ்வகையைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். 2001இல் தோன்றிய ஹைபர்நேட் என்னும் சட்டகம் இதற்கென ‘யூசர்டைப்’ என்னும் ஏற்பாட்டை அளிக்கிறது. 2013இல் வெளிவந்த ஜே.பி.ஏ. 2.1 தரம், ‘அட்ரிபியூட் கன்வெர்ட்டர்’ என்னும் எளிய மாற்றியைப் பொதுவாக்கியது.

மாற்றிக்கு இரண்டே பணிகள். பதியும்போது 4 ஏர் 5 சதுர மீட்டரை 405 என்னும் முழு எண்ணாக்கும். படிக்கும்போது 405ஐ மீண்டும் ஏராகவும் சதுர மீட்டராகவும் பிரித்துத் தரும். யூசர்டைப் இவற்றோடு, இரு மதிப்புகள் சமமா என ஒப்பிடும் முறையையும் படியெடுக்கும் முறையையும் வரையறுக்கும். விதி ஓரிடத்தில் நிற்பதால், படிவந்தோறும் அதனைத் திரும்ப எழுத வேண்டுவதில்லை. பரப்புகளைத் தரவுத்தளமே நேராகக் கூட்டவும் ஒப்பிடவும் இயலும்.

புல எண்ணும் இத்தகையதே. 10/2 என்பது பின்னமன்று. பத்தாம் புலத்தின் இரண்டாம் உட்பிரிவு. எழுத்தாகக் கொண்டு வரிசைப்படுத்தின், 10/10 முன்னும் 10/2 பின்னும் வந்துவிடும். புலத்தையும் உட்பிரிவையும் இரு பத்திகளில் வைத்து ஒரே பொருளாக வழங்கும் கூட்டு வகையே இதற்குப் பொருந்தும்.

எனினும் மாற்றியின் விதி பிழைபடின் பதிவுகள் அனைத்தும் பிழைபடும். ஆதலின் களப்பணியாளர் புதிய நிரலில் முதற்கண் 4 ஏர் 5 சதுர மீட்டரைப் பதிந்து, 405 வருகின்றதா எனக் காண்பது நன்று. ஆசிரியர்களும் தசம பாடத்தில் இவ்வெடுத்துக்காட்டைக் கையாளலாம். புள்ளிக்குப் பின் விடுபடும் ஒரு சுழியில், ஒரு குடும்பத்தின் மனையெல்லை அடங்கியிருக்கக்கூடும்.