எச்சங்கள் எப்படி வாக்கியத்தைத் தாங்குகின்றன?

கி.பி. 920ஐ ஒட்டிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விதிக்கின்றன. இன்றைய தமிழில் சொன்னால், ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் இட்டு, குலுக்கி, சிறுவனைக்கொண்டு எடுக்க வேண்டும். இத்தனை செயல்களும் ஒரே வாக்கியத்தில் குழம்பாமல் நிற்பது எப்படி? 'எழுதி', 'இட்டு', 'குலுக்கி' போன்ற முற்றுப்பெறாத வினைகளான வினையெச்சங்கள் திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. அந்தச் சுமை முழுவதும் இறுதி வினைக்கே. நைஜீரியாவின் யோருபா மொழியிலோ எச்ச விகுதியே கிடையாது. 'எடு', 'வா' என்னும் இரு வினைகளுக்கு நடுவே பொருளின் பெயரை வைத்தாலே 'கொண்டுவந்தான்' என்ற கருத்து வந்துவிடும். எவ்வளவு அழகான சிக்கனம்!

எச்சம் காட்டுவது வெறும் கால வரிசைதானே என்று கேட்கலாம். 'மழை பெய்து ஏரி நிறைந்தது' சரி; 'மழை பெய்து கடைக்காரர் கணக்கு எழுதினார்' என்றால் காது மறுக்கிறது. இரண்டிலும் வரிசை ஒன்றே, எழுவாயும் மாறுகிறது. முதலாவதில் மழை காரணம், நிறைவு காரியம். அந்த உறவுதான் எச்சத்தை நிலைநிறுத்துகிறது.