ரிவ்யூ தேதியும் உப்புக் காலமும்

1954-ல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 12 படுக்கைகளோடு கொட்டகையில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியபோது, பிழைத்தபின் என்ன என்று யோசிக்க வாய்ப்பே குறைவு. நோய் முற்றிய பிறகுதான் பலர் வந்தார்கள். பிறகு, 1980களில் சென்னைப் புற்றுநோய்ப் பதிவகம் உருவானதும், அந்த நிலையத்தின் டாக்டர் சாந்தாவின் குழுவினர் பதிலுக்கான அஞ்சலட்டையை நோயாளிகளுக்கு அனுப்பினார்கள். பதில் இல்லையென்றால் வீட்டையே தேடிப் போனார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஆள் இருக்கிறாரா என்பது. அதுவும் சென்னை நகரத்துக்காரர்களைப் பற்றித்தான். மாநிலம் முழுமைக்குமான பதிவுத் திட்டம் 2012-ல்தான் வந்தது.

இன்று உப்பளங்கள் உள்ள மரக்காணத்துக்காரருக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை சுமார் 35 கிலோமீட்டர். காப்பீட்டு அட்டை இருக்கிறது. அறுவை, கீமோ, கரண்ட் எனப்படும் கதிர்வீச்சு எல்லாம் முடித்து உப்பளத்துக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. கையில் ஒரு பைல், அதில் அடுத்த ரிவ்யூ தேதி. அவ்வளவுதான் திட்டம்.

சிகிச்சை முடிந்தவருக்கு எழுத்தில் ஒரு பராமரிப்புத் திட்டம் தரவேண்டும் என்று அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 2005-ல் சொன்னது. என்ன சிகிச்சை நடந்தது, எதைக் கவனிக்க வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பின்னர் நடந்த ஆய்வுகளில் வெறும் தாளால் பெரிய பலன் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. தாளை வாங்கிப் படிக்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டுமே!

உதாரணத்துக்கு, மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பெண்ணின் கையைப் பாருங்கள். நிணநீர் வடிய வழி குறைந்து கை வீங்கலாம். முன்பெல்லாம் "அந்தக் கையால குடம்கூடத் தூக்காதம்மா" என்றே அனுப்பினார்கள். 2009-ல் வெளியான ஆய்வு வேறு சொன்னது: மேற்பார்வையில் படிப்படியாகப் பழக்கிய எடை வீக்கத்தைக் கூட்டுவதில்லை. ஆனால் உப்பு நிறைந்த பாண்டு படிப்படியாகவா கனக்கும்? முதல் நாளே முழுக் கனம். அதோடு உப்புத் தண்ணீரில் விரல் வெடிப்பு, கீறல். வீங்கும் கையில் கீறல் வழியே கிருமி புகுந்தால் கை சிவந்து, சூடேறி, காய்ச்சல் வரும். ரிவ்யூ வரை காத்திருக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும். அங்கிருக்கும் டாக்டருக்கு இந்தக் கையின் கதை தெரிந்திருக்கவும் வேண்டும்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது; பிசியோதெரபியும் நோய் ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்க டமாக்சிஃபென் மாத்திரையை 5 முதல் 10 ஆண்டு விழுங்கவேண்டிய பெண்ணையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால் என்ன? உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ரிவ்யூவுக்குப் போய்வர ரயிலில் புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு. மரக்காணத்துக்கு ரயில் ஏது?

ரிவ்யூ தேதியாவது ஊருக்குப் பொருந்தலாம். முதல் சில ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போயே ஆகவேண்டும். கூலி போனால் போகட்டும். ஐந்து ஆண்டு கழிந்து, வருஷத்துக்கு ஒரு பரிசோதனை, ஒரு மேமோகிராம் என்றான பின், அதை ஐப்பசி, கார்த்திகைக்கு வைத்துக்கொடுக்கலாம். அப்போது மழையில் உப்புப் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும், வேலை இருக்காது.