கவனக்குறைவா, மொழிக் குறைபாடா?

காது நன்றாகக் கேட்கிறது, கணக்கும் வருகிறது. ஆனால் “நோட்டை மூடுவதற்கு முன் தேதியை எழுது” என்றால் முதலில் நோட்டை மூடிவிடுகிறான். நாமோ கவனமில்லாதவன் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

இத்தகைய குழந்தைகளைப் புரிந்துகொள்வதிலேயே தம் ஆய்வுவாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த உளவியலாளர் டோரதி பிஷப். 1980களில் அவர் வெளியிட்ட இலக்கணப் புரிதல் சோதனை மிக எளியது. நான்கு படங்களைக் காட்டி ஒரு வாக்கியம் சொல்லப்படும். பொருந்தும் படத்தைக் குழந்தை தொட்டுக் காட்டினால் போதும், பேச வேண்டியதில்லை. ஒவ்வொரு சொல்லும் தெரிந்த குழந்தைகூட, யார் யாரைத் துரத்துகிறார் என்பதில் தடுமாறலாம். (நம் மொழியில் அதைச் சொல்வது ஒரு சின்ன ‘ஐ’தான். “பூனையை நாய் துரத்தியது” என்று சொல்லிப் பாருங்கள்.)

வீட்டில் பேச்சுக் கொடுக்காததால்தான் இப்படி என்று பெற்றோரைக் குறைசொல்வதும் சரியல்ல. இரட்டையரிடம் அவர் செய்த ஆய்வுகள் மரபணுவின் பங்கு பெரிது என்று காட்டின.

ஆளுக்கொரு பெயரிட்டு வந்த இந்நிலைக்கு, ஆறு நாடுகளின் வல்லுநர்களைக் கலந்து ‘வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு’ என்ற பொதுப்பெயரை 2017இல் அவர் குழு முன்வைத்தது. இங்கிலாந்தின் சர்ரே பகுதிப் பள்ளிகளில் வேறொரு குழு செய்த ஆய்வில் இது ஏறத்தாழ 7 விழுக்காடு. முப்பது பேர் வகுப்பில் இருவர்.

“புரிந்ததா?” என்றால் அவர்களும் தலையாட்டுவார்கள். “என்ன செய்யப் போகிறாய், சொல்” என்று கேளுங்கள். செய்யும் வரிசையிலேயே சொல்லுங்கள்: தேதியை எழுது. பிறகு நோட்டை மூடு.