ஒரு லட்சம் மெகாவாட் அணுமின்சாரம்: இழப்பு யார் தலையில்?

2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின் திறனை எட்டுவோம் என்று 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய அரசு அறிவித்தது. இன்றைய திறன் 9,000 மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவு. நாட்டின் மின் உற்பத்தியில் அணுமின்சாரத்தின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். தாராப்பூரில் 1969-இல் முதல் உலைகள் ஓடத் தொடங்கியதிலிருந்து சேர்த்தது இவ்வளவுதான் என்றால், இனி ஆண்டுதோறும் 4,000 மெகாவாட்டுக்கு மேல் சேர்த்தாக வேண்டும்.

உலை கட்டும் தொழில்நுட்பம் நம்மிடம் இருக்கிறது. உள்நாட்டிலேயே வடிவமைத்த 700 மெகாவாட் கனநீர் உலைகள் குஜராத்தின் காக்ராபாரில் ஓடுகின்றன. சிக்கல் பொறியியலில் இல்லை. தாமதம், விபத்து, கழிவு ஆகிய மூன்றின் சுமையையும் யார் தாங்குவது என்பதில்தான் இருக்கிறது.

தாமதத்தின் விலை என்ன?

கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் ராஜீவ் காந்தி – கோர்பச்சேவ் காலத்தில், 1988-இல் கையெழுத்தானது. கட்டுமானம் 2002-இல்தான் தொடங்கியது. 2007 டிசம்பரில் வணிக உற்பத்தியைத் தொடங்கியிருக்க வேண்டிய முதல் உலை 2014 டிசம்பரில் தொடங்கியது. இரண்டாவது உலை 2017-இல். 13,171 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடு 22,462 கோடியாக ஏறியது.

அணுமின் நிலையத்தில் எரிபொருள் செலவு குறைவு. பெரும்பணம் கட்டுமானத்திலேயே போய்விடும். கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்கு வாடகை வருவதற்குள் வட்டி ஏறுவதைப்போல, ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் யூனிட் விலையில் வந்து நிற்கும். பணக்கார நாடுகளும் இதில் தப்பவில்லை. அமெரிக்காவின் வோக்டில் நிலையத்தில் இரு புதிய உலைகள் ஏழு ஆண்டுகள் தாமதமாகி, 3,000 கோடி டாலருக்கு மேல் விழுங்கின.

சூரிய மின்சாரம் ஏலத்தில் யூனிட் 2.50 ரூபாய் அளவுக்குக் கிடைக்கிறது. அது இரவில் கிடைக்காது என்பதால் அணுமின்சாரத்துக்குத் தேவை இருக்கிறது. ஆனால் கடனில் தத்தளிக்கும் மாநில மின்வாரியங்கள், கூடுதல் விலைக்குப் பல ஆண்டுகள் வாங்கும் ஒப்பந்தத்தில் எளிதில் கையெழுத்துப் போடுமா? 2033-க்குள் ஐந்து சிறிய உலைகள் என்று அரசு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கியதன் பின்னணியில் இந்தக் கணக்கும் இருக்கிறது. சிறிய உலைக்கு முதலீடு குறைவு. ஆனால் பாதுகாப்பு ஏற்பாடும் கழிவுப் பிரச்சினையும் அதற்கும் உண்டு.

விபத்து நடந்தால்?

போபால் நச்சுவாயு வழக்கின் தீர்ப்பு 2010 ஜூனில் வந்தபோது நாடே கொதித்தது. அந்தச் சூட்டில்தான் அதே ஆண்டு அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. நிலையத்தை இயக்கும் நிறுவனத்தின் பொறுப்புக்கு 1,500 கோடி ரூபாய் வரம்பு வைத்த அந்தச் சட்டம், கருவியில் குறை இருந்தால் அதை விற்ற நிறுவனத்திடம் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி வைத்தது. 17(பி) என்ற இந்தப் பிரிவைக் கண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் தயங்கின. மகாராஷ்டிரத்தின் ஜைதாப்பூரில் பிரெஞ்சு உலைகளும், ஆந்திரத்தின் கொவ்வாடாவில் அமெரிக்க உலைகளும் பேச்சளவிலேயே நிற்கின்றன.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘சாந்தி’ சட்டம் இந்த முட்டுக்கட்டையை நீக்குகிறது. தனியாருக்குக் கதவு திறக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தருகிறது. விற்பனை நிறுவனத்திடம் பணம் கேட்பது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலோ வேண்டுமென்றே தவறு செய்திருந்தாலோ மட்டும்தான். இயக்கும் நிறுவனத்தின் பொறுப்பு, உலையின் திறனைப் பொறுத்து, அதிகபட்சம் 3,000 கோடி ரூபாய். அதற்கு மேல் ஒரு வரம்புவரை மத்திய அரசு ஏற்கும். ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்காக, அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் கொடுத்த இழப்பீடு 10 லட்சம் கோடி யென்னைத் தாண்டிவிட்டது. ரூபாயில் 5 லட்சம் கோடிக்கு மேல். முதலீட்டாளரின் அச்சம் தீர்ந்திருக்கலாம். விபத்தின் சுமை மறைந்துவிடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

கழிவும் ஊர் மக்களும்

ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு, கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் வெடித்த போராட்டத்தின் முக்கியக் கேள்விகளில் ஒன்று, பயன்படுத்திய எரிபொருள் எங்கே போகும் என்பது. கூடங்குளத்துக்கு 2013-இல் பச்சைக்கொடி காட்டிய உச்ச நீதிமன்றம், பயன்படுத்திய எரிபொருளைப் பாதுகாப்பாக வைப்பது உள்ளிட்ட நிபந்தனைகளையும் விதித்தது. அதற்கான கிடங்கை வளாகத்துக்குள்ளேயே அமைக்கும் திட்டம் வந்தபோது மீண்டும் எதிர்ப்பு கிளம்பியது. மேற்கு வங்கத்தின் ஹரிப்பூர் திட்டம் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. குஜராத்தின் மிதிவிர்தியில் வரவேண்டிய அமெரிக்க உலைகள் கொவ்வாடாவுக்கு இடம் மாறின. இடம் குறித்தபின் மக்களிடம் பேசப் போவது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதற்கு இந்த ஊர்களே சாட்சி.

இனி கவனிக்க வேண்டியது என்ன?

சட்டம் வந்துவிட்டது, அது எப்படிச் செயல்படும் என்பது விதிகளிலும் ஒப்பந்தங்களிலும்தான் முடிவாகும். கட்டுமானம் தாமதமானால் கூடுதல் வட்டியை யார் கட்டுவது, கருவிக் குறைக்கு விற்றவர் எவ்வளவு பொறுப்பேற்பது, கழிவுக் கிடங்கு எங்கே என்பதை முதல் செங்கல் வைக்கும் முன்பே எழுதி, மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எழுதாமல் விட்ட சுமை எதுவானாலும், கடைசியில் அது மின்கட்டணத்திலும் வரிப்பணத்திலும்தான் வந்து விழும்.