திரைக்கு பின்னால் ஒரே ஆள்.. எல்லா குரலும் அவரே! 10 நாள் ராமாயணம் அரை மணி நேரமாக சுருங்கிய கதை

வெள்ளைத் திரையில் ராவணன் கர்ஜிக்கிறான். சீதை அழுகிறாள். அனுமன் ஒரே தாவாக தாவி அசோகவனத்தில் இறங்குகிறான். நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஊரையே சிரிக்க வைத்துவிட்டு போகிறார்கள். இத்தனை பேருக்கும் குரல் கொடுப்பது திரைக்கு பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஆள் என்றால் நம்ப முடிகிறதா?

அதுதான் தோல்பாவைக்கூத்து. குமரி, நெல்லை, தூத்துக்குடி, மதுரை பக்கத்து கிராமங்களில் வயதானவர்களை கேட்டுப் பாருங்கள். "சின்ன வயசுல பாய் கொண்டு போய் போட்டு விடிய விடிய பார்த்தோமே" என்பார்கள். இன்றைய பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூட விழாவில் அரை மணி நேரம் பார்த்தால்தான் உண்டு.

பாவை ஆட்டுவது தமிழ்நாட்டுக்கு புதிதல்ல. மரப்பாவையை கயிற்றால் ஆட்டுவதை திருவள்ளுவரே உவமையாக சொல்லியிருக்கிறார். ஆனால் ஆட்டுத்தோலில் பாவை செய்து, விளக்கு வெளிச்சத்தில் நிழல் காட்டும் கூத்தை தமிழ்நாட்டில் தொழிலாகவே செய்து வருபவர்கள் மண்டிகர் என்ற சமூகத்தினர். தஞ்சாவூரை மராட்டிய மன்னர்கள் ஆண்ட காலத்தில் (1676-1855) இங்கே வந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. ஆண்களின் பெயருக்கு பின்னால் ராவ் என்று இருக்கும். வீட்டில் பேசுவது மராத்தி. திரைக்கு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால் வாயில் வருவதெல்லாம் தமிழ்தான். அதுவும் அந்தந்த ஊர் தமிழ்!

தோல் பாவையாவது எப்படி?

இந்த தொழிலில் பொம்மை செய்பவர் ஒருவர், ஆட்டுபவர் வேறொருவர் என்ற பிரிவினை பெரும்பாலும் கிடையாது. ஒரே குடும்பம்தான் செய்கிறது, அதே குடும்பம்தான் ஆட்டுகிறது.

செருப்புக்கும் பைக்கும் பதனிடும் தோல் இதற்கு உதவாது. அதில் வெளிச்சம் ஊடுருவாது. பச்சைத் தோலாக வாங்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, முடியையும் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு நாலாபக்கமும் இழுத்துக் கட்டி காயவைத்தால் தோல் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிடும். விளக்கு முன்னால் பிடித்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும்.

அதன்மேல் உருவத்தை கீறி, ஓரத்தை வெட்டி எடுப்பார்கள். அடுத்துதான் நுணுக்கமான வேலை. பல வடிவ உளிகளை வைத்து தட்டித் தட்டி துளை போட வேண்டும். கிரீடத்து கல், கழுத்து மாலை, சேலைக் கரை எல்லாம் இந்த துளைகள்தான். திரையில் விழும்போது அவைதான் நகை மாதிரி மினுங்கும். ஒரு இடத்தில் உளி தவறினால் அழித்து எழுத முடியாது. தோல் போனது போனதுதான்.

சாயம் இரண்டு பக்கமும் ஏற்ற வேண்டும். அப்போதுதான் நிழல் கறுப்பாக இல்லாமல் சிவப்பும் பச்சையுமாக விழும். உருவத்தின் நடுவே மூங்கில் குச்சியை பிளந்து நிமிர்த்திக் கட்டுவார்கள். அதுதான் பாவைக்கு முதுகெலும்பு. கை அசையவேண்டிய பாவை என்றால் தோளிலும் முழங்கையிலும் தனித்தனி துண்டாக வெட்டி நூலால் முடிச்சு போடுவார்கள். முடிச்சு இறுக்கமானால் கை தூக்காது, தளர்ந்தால் தொங்கிவிடும்.

முன்பு மான் தோலும் பயன்பட்டது. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் வந்தபிறகு அதை நினைத்துக்கூட பார்க்க முடியாது. இப்போது ஆட்டுத்தோல்தான். ராவணன் மாதிரி பெரிய பாவைக்கு ஒரு தோல் போதாது, ஒட்டுப்போட வேண்டும்.

ராமனுக்கு ஒரு பாவை செய்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அரண்மனை ராமன் வேறு, மரவுரி கட்டிய ராமன் வேறு, வில்லோடு போருக்கு போகிற ராமன் வேறு. பட்டாபிஷேகத்தில் உட்கார்ந்திருக்கும் ராமனுக்கு இன்னொன்று. முழு ராமாயணத்துக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பாவைகள் வேண்டும். ஒரு கூத்துக் குடும்பத்தின் சொத்து என்றால் நிலமும் கிடையாது, வீடும் கிடையாது. இந்தப் பாவைப் பெட்டிதான்!

வாய் பேசும், கை ஆடும், கால் அடிக்கும்

மேடை ரொம்ப எளிமையானது. நாலு கம்பு, மூன்று பக்கமும் மறைப்பு, முன்னால் வெள்ளை வேட்டியில் ஒரு திரை. திரைக்கு பின்னால் ஒரு விளக்கு. அந்த காலத்தில் எண்ணெய் விளக்கு, இப்போது குண்டு பல்பு. டியூப் லைட் சரிப்படாது. வெளிச்சம் நீளமாக பரவி நிழலின் விளிம்பு மங்கிப்போகும்.

பாவையை திரையோடு ஒட்டிப் பிடித்தால் உருவம் பளிச்சென்று விழும். விளக்கு பக்கம் நகர்த்தினால் நிழல் பெரிதாகி மங்கும். அரக்கன் வருவதை காட்ட வேண்டுமா? தூரத்தில் பிடித்து, சரேல் என்று திரைக்கு கொண்டு வந்தால் போதும். முன்வரிசை குழந்தைகள் அலறிவிடும்.

பாவை ஆட்டுபவருக்கு இரண்டு கைதான். ஒரு காட்சியில் நாலு பேர் இருந்தால் இரண்டு பேரை திரையோரம் சாய்த்து வைத்துவிட்டு, பேசுகிறவனை மட்டும் கையில் எடுக்க வேண்டும். யார் பேசுகிறார்களோ அந்த பாவைதான் அசைய வேண்டும். ராமன் பேசும்போது லட்சுமணன் ஆடினால் ஜனங்களுக்கு குழம்பிவிடும். சண்டை வந்தால் இரு கையிலும் இரு பாவை. மோதும் சத்தத்துக்கு காலடியில் ஒரு மரக்கட்டை. கை மோதுகிற அதே நொடியில் கால் கட்டையை அடிக்க வேண்டும். இதற்கு நடுவே பாட்டும் பாட வேண்டும்.

நல்லதங்காள் கதை போட்டால் இன்னும் கஷ்டம். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளும் காட்சியில் ஏழு குழந்தைக் குரல் வேண்டும். ஒவ்வொன்றும் வேறு மாதிரி அழ வேண்டும். இந்தப் பக்கம் பெண்கள் முந்தானையால் கண்ணை துடைத்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருப்பவர் அடுத்த காட்சிக்கு ராஜா குரலை தயார் செய்துகொண்டிருப்பார்.

கூட்டம் தூங்கி வழிகிறதா? இறக்கு உச்சிக்குடும்பனை! அவனும் உளுவத்தலையனும் கதைக்கு சம்பந்தமே இல்லாமல் சண்டை போடுவார்கள். ஊர்த் தலைவர், டீக்கடைக்காரர், ரேஷன் கடை வரிசை என்று எல்லாரையும் கிண்டலடிப்பார்கள். இதற்காகவே கூத்துக்காரர் சாயங்காலமே ஊருக்குள் ஒரு சுற்று சுற்றி விஷயம் சேகரித்து வைத்துக்கொள்வது உண்டு. மனிதன் சொன்னால் அடி விழுகிற பேச்சை பாவை சொன்னால் ஊர் கைதட்டும்.

மிருதங்கம், ஆர்மோனியம், தாளம். இவற்றையும் வீட்டு ஆட்களே பார்த்துக்கொள்வார்கள். மனைவி பின்பாட்டு பாடுவார். பிள்ளை பாவை எடுத்துக் கொடுப்பான்.

எடுத்துக் கொடுக்கும் பையன்

இந்த பையனை கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்த தொழிலுக்கு கல்லூரி அவன் உட்கார்ந்திருக்கும் இடம்தான்.

பாவைகள் கதை வரிசைப்படி அடுக்கியிருக்கும். அப்பா கை நீட்டும்போது சரியான பாவையை எடுத்துத் தர வேண்டும். கதை தெரியாமல் அது முடியாது. 10 நாள் ராமாயணத்தை ஊர் ஊராக வருடக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு, எடுத்துக் கொடுத்து, வைத்து அடுக்கி, ஒருநாள் அப்பாவுக்கு தொண்டை கட்டிக்கொள்ளும்போது அவன் கைக்கு பாவை வரும். பாட்டும் வசனமும் பெரும்பாலும் காது வழியாக வந்தவைதான்.

இப்போது நடப்பது என்ன? சினிமா வந்தது, டி.வி. வந்தது, செல்போன் வந்தது. ஒரு ஊரில் கொட்டகை போட்டு, டிக்கெட் விற்று, 10 நாள் தங்கி கூத்து நடத்துவது அநேகமாக நின்றுவிட்டது. கூப்பிடுகிறவர்கள் பள்ளி, கல்லூரி, அரசு விழாக்காரர்கள். எய்ட்ஸ், மது ஒழிப்பு, சுற்றுச்சூழல் என்று விழிப்புணர்வு நிகழ்ச்சிகள். நேரம் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. சொல்ல வேண்டிய வசனத்தை அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

இதில் வருமானம் வருகிறது, மறுப்பதற்கு இல்லை. பல குடும்பங்களுக்கு அடுப்பு எரிவதே இந்த நிகழ்ச்சிகளால்தான். ஆனால் அரை மணி நேரத்துக்கு ஏழெட்டு பாவை போதும். மீதி எல்லாம் பெட்டிக்குள் தூங்குகிறது. எடுத்துக் கொடுக்கும் பையனுக்கும் ஏழெட்டு பாவையோடு பாடம் முடிந்துவிடுகிறது. வாலி வதையும் கும்பகர்ணன் எழுவதும் அப்பாவின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. பாவை கிழிந்தால் வேறு செய்யலாம். இதை எங்கே போய் வாங்குவது?

மாதத்தில் ஓரிரண்டு நிகழ்ச்சி கிடைத்தால் மீதி நாட்களுக்கு கூலி வேலை, சிறு வியாபாரம் என்று போக வேண்டியிருக்கிறது. நாட்டுப்புற கலைஞர்களுக்கு 2007-ல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. ஊர் ஊராக சுற்றிய குடும்பத்துக்கு நிலையான முகவரியும் சான்றிதழும் தேடுவதே தனி கூத்து.

தலையில் வளையம், காலில் சலங்கை

இதேபோல கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் இருக்கும் பொம்மலாட்டம் வேறு ரகம். இங்கே நிழல் கிடையாது, மரப்பொம்மை நேரிலேயே ஆடும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். காரணம், அது எடை குறைவான மரம்.

அப்படியும் பெரிய பொம்மை ஒன்று நாலரை அடி உயரம், சுமார் 10 கிலோ எடை வரை இருக்கும். இந்தியாவிலேயே பெரிய, கனமான கயிற்றுப் பொம்மைகள் இவைதான். இந்த கனத்தை விரலால் தாங்க முடியுமா? அதனால் பொம்மையின் கயிறுகளை ஒரு இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தை கிரீடம் மாதிரி ஆட்டுபவர் தன் தலையில் மாட்டிக்கொள்கிறார். பொம்மையின் கைகளை இரண்டு கம்பிகளால் மேலிருந்து இயக்குகிறார். அவர் தலையசைத்தால் பொம்மை அசையும். அவர் காலில் கட்டிய சலங்கை சத்தம் பொம்மையின் சலங்கையாக கேட்கும். பரதநாட்டியம் ஆடுகிற பொம்மைக்கு பின்னால் நிஜமாகவே ஒருவர் கறுப்புத் திரையின் மறைவில் ஆடிக்கொண்டிருக்கிறார்!

கழுத்தும் இடுப்பும் தாங்கும் வரைதான் இந்த வேலை. கழுத்து வலி வந்துவிட்டால் தொழிலே போச்சு. தோல்பாவை மாதிரி ஒரு குடும்பத்தோடு இது முடியாது. பாட்டு, வாத்தியம், ஆட்டுபவர்கள் என்று ஒரு குழுவே புறப்பட வேண்டும். அத்தனை பேருக்கும் சம்பளம், வண்டி வாடகை என்று கணக்கு போட்டால் கோவில் கமிட்டிக்காரர்கள் பாட்டுக்கச்சேரி பக்கம் போய்விடுகிறார்கள்.

பக்கத்து மாநிலத்தில்..

ஆந்திராவில் நிம்மலகுண்டா என்ற ஊரில் தோல்பாவை குடும்பங்கள் அதே தோலில், அதே உளியால் விளக்கு மூடியும் சுவர் அலங்காரமும் செய்து விற்கிறார்கள். அந்த ஊரைச் சேர்ந்த தளவாய் சலபதி ராவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே செய்யும் கை பிழைத்துக்கொண்டது. ஆனால் விளக்கு மூடி வாங்குகிறவர் கதை கேட்பதில்லையே!

கேரளாவில் பாலக்காடு பக்கம் பகவதி கோவில்களில் இதற்கென்றே கூத்துமாடம் கட்டி வைத்திருக்கிறார்கள். 21 விளக்கு ஏற்றி இரவு முழுவதும் ஆடுவார்கள். பாடுவது எது தெரியுமா? நம்ம கம்பராமாயணம்! மலையாள பூமியில் தமிழ்ப்பாட்டு இன்றும் ஒலிக்கிறது. கோவில் வழிபாட்டோடு சேர்ந்துவிட்டதால் பல நாள் கூத்து அங்கே இன்னும் நிற்கிறது. அங்குள்ள ராமச்சந்திர புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ. கர்நாடகாவில் 96 வயது பீமவ்வாவுக்கு 2025-ல்.

நம்ம ஊரிலும் ஒரு காலத்தில் மழைக்கும் கூத்துக்கும் முடிச்சு போட்டு வைத்திருந்தார்கள். மழை பொய்த்தால் ராமாயணம் போடு, பட்டாபிஷேகத்தன்று மழை பெய்யும் என்பது நம்பிக்கை. ஊரே வரி போட்டு கூத்துக்காரரை அழைத்து வரும்.

கூத்துக்காரருக்கோ மழை என்றால் பயம். ஈரக்காற்று பட்டால் தோல் சுருண்டுவிடும், சாயம் கசியும், பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். எனவே ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் வெயில் அடிக்கிற நேரம் பார்த்து பெட்டியை திறந்து, பாவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நிமிர்த்தி காற்றாட வைப்பார்கள். பல வருடமாக மேடை ஏறாத கும்பகர்ணனும் அந்த நாளில் வெளியே வருவான். அடுக்கும்போது மட்டும் வரிசை மாறாது. 10 நாளைக்கு எப்படி அடுக்குவார்களோ, அப்படியேதான் திரும்ப உள்ளே போகும்.