கம்பி வழியா? காற்று வழியா?

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்த நேரம். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்திருந்த ஒரு தாயார் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். கணவருக்குச் சிப்காட்டில் இரும்பு ஆலையில் வேலை. மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு. "வீட்டில் நெட் வைக்கச் சொல்கிறாள், டீச்சர். கம்பி இழுத்து வைக்கிறதா, இல்லை போனில் இருப்பதே போதுமா? மாதாமாதம் பணம் கட்டுகிற விஷயம்" என்றார். நின்ற இடத்தில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். கம்பியில்லா இணையம் என்கிறோமே தவிர, அதில் கம்பியில்லாத பகுதி மிகச் சிறியது. கைபேசியிலிருந்து கோபுரம் வரையிலான சில நூறு மீட்டர், மிஞ்சினால் சில கிலோமீட்டர், அவ்வளவுதான். சில கோபுரங்கள் நுண்ணலை மூலம் பக்கத்துக் கோபுரத்துக்குச் செய்தியைக் கைமாற்றுவதுண்டு. ஆனால் விரைவிலேயே அது ஒளியிழையில் இறங்கிவிடும். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ரயில்டெல் நிறுவனம், நாடெங்கும் இருப்புப் பாதை ஓரமாகவே ஒளியிழை பதித்திருக்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கேபிள் 2002லேயே வந்துவிட்டது. ஆகவே அந்தத் தாயாரின் கேள்வி முழு வழியைப் பற்றியதன்று. கடைசித் துண்டு வழியைப் பற்றியது.

ஒளியிழை என்பது தலைமயிர் போன்ற கண்ணாடி நூல். அதன் ஒரு முனையில் செலுத்தும் ஒளி வெளியே கசியாமல், முழு அக எதிரொளிப்பினால் உள்ளுக்குள்ளேயே ஓடுகிறது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். வானொலி அலையோ வெட்டவெளியில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். "அப்படியானால் கம்பியில்லாததுதானே வேகம்?" என்று வகுப்பில் ஒரு மாணவி மடக்கினாள். நல்ல கேள்வி. அதற்கு விடை அந்தமானில் இருக்கிறது.

தமிழர் பலர் வாழும் அந்தமான் தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. அத்தகைய செயற்கைக்கோள் பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. செய்தி மேலே போய்க் கீழே வர ஏறக்குறைய கால் நொடி ஆகும். பதிலும் அதே வழியில் வந்தாக வேண்டுமாகையால் மொத்தம் அரை நொடி. அரை நொடி என்ன பெரிது என்று தோன்றும். எதிரில் இருப்பவர் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அரை நொடி தாமதித்துப் பாருங்கள், தெரியும்! அதைவிடப் பெரிய குறை, ஒரே செயற்கைக்கோளின் கொள்ளளவை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2018 டிசம்பர் 30 அன்று சென்னை - அந்தமான் கடலடிக் கேபிளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அது திறந்துவைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், சுமார் 1,224 கோடி ரூபாய் செலவு. அந்தக் கண்ணாடி நூலில் சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே செய்தி போய்ப் பதில் வர ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். ஆக, வேகமான அலையாயினும் சுற்றுவழியில் போனால் பின்தங்கும். ஒரே வெளியைப் பலர் பங்கிட்டால் அவரவர் பங்கும் சுருங்கும்.

நம் தெருமுனைக் கோபுரம் உயரத்தில் இல்லையாகையால் தாமதம் குறைவே. பங்கீடு மட்டும் அங்கும் உண்டு. ஷிப்டு முடிந்து ஆயிரம் தொழிலாளர் ஒரே நேரத்தில் கைபேசியை எடுக்கும் மாலை வேளையில், சிப்காட் சுற்றுப்புறத்தில் ஒரு பாடப் படம் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. ஒளியிழையையும் சில வீடுகள் பங்கிடுகின்றன. ஆனால் அதன் கொள்ளளவு பெரிது, பங்காளிகள் குறைவு.

கம்பிதான் எப்போதும் மேல் என்றும் எண்ணிவிடாதீர்கள். சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களுக்குச் செப்புக் கம்பி இழுக்கும் செலவு கட்டுப்படியாகாது என்று கண்ட சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர், 1990களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையை உருவாக்கினர். கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் தொலைபேசியும் இணையமும் ஒருங்கே கிடைத்தன. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான். இன்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தாரின் கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்ப அதுவே உதவியது. கம்பி வராத இடத்தில் காற்றுவழிதான் வழி.

தொழிற்சாலைக்குள் கதை வேறு. இரும்பை உருக்கும் தூண்டல் உலை, வெல்டிங், பெரிய மோட்டார்கள் எல்லாம் மின்காந்த இரைச்சலை எழுப்புகின்றன. செப்புக் கம்பி அந்த இரைச்சலை வாங்கிக்கொள்ளும். தகரக் கூரையும் இரும்புத் தூண்களும் வானொலி அலையைத் தடுக்கும், திருப்பியடிக்கும். கண்ணாடி நூலில் ஓடும் ஒளியை உலை ஒன்றும் செய்யாது. அந்த மாணவியின் தந்தை தம் ஆலையில் கவனித்துப் பார்த்தால் இது புரியும்.

புயல் வந்தால்? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது நம் மாவட்டத்தில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. கம்பத்தில் தொங்கிய கேபிள்களும் கூடவே அறுந்தன. கோபுரங்களோ மின்சாரம் போய், பாட்டரியும் டீசலும் தீர்ந்ததும் ஊமையாயின. இரண்டுமே கைவிட்ட நாட்கள் அவை. மடத்து வரவேற்பறைகளில் முன்பு இருந்த கறுப்புத் தொலைபேசி, கரண்ட் இல்லாதபோதும் மணியடித்ததை மூத்த சகோதரிகள் நினைவுகூர்வார்கள். அதற்கு வேண்டிய மின்சாரம் செப்புக் கம்பி வழியே தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. ஒளியிழையில் மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனால் ரூட்டரும் அணைந்துவிடும். சிறிய பாட்டரிப் பெட்டி ஒன்று வைத்தால் சில மணி நேரம் தாங்கும்.

இன்னொன்று. வீட்டுக்குக் கம்பி வந்தாலும் அறைக்குள் நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் வைஃபைதான். அதுவும் கம்பியில்லாததே. ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு "நெட் சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டுவோர் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிச் சற்றுத் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4இல் குறுக்கிடும். கணினியை ரூட்டருடன் ஒரு கேபிளால் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 100 மீட்டர் வரை தாராளமாக ஓடும்.

இனி அந்தத் தாயாருக்கு என் பதில். பாடக் குறிப்பு படிக்கவும் செய்தி அனுப்பவும் மட்டுமானால் போனில் இருப்பதே போதும். வீண் செலவு வேண்டாம். ஆனால் உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையத்திலேயே நடக்கிறது. கல்லூரி விருப்பப் பட்டியலைக் குறித்த நாளுக்குள் பதிந்தாக வேண்டும். கடைசி இரவில் சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றால் ஓராண்டு உழைப்பு தவறான கல்லூரியில் போய் முடியலாம். உங்கள் தெருவில் ஒளியிழை வந்திருந்தால், இந்த ஓராண்டுக்காவது இணைப்பு எடுங்கள். போனில் டேட்டாவையும் நிறுத்திவிடாதீர்கள். ஒன்று அறுந்தால் மற்றது இருக்கும். தெருவில் கேபிள் வரவில்லையென்றால், கோபுரம் இருக்கும் திசை ஜன்னலோரம் போனை வைத்து, விடியற்காலையில் பதியச் சொல்லுங்கள். வாடகை வீடாயிற்றே, சுவரில் துளைபோடுமுன் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.